வேகம் வேறு, சீக்கிரம் வேறு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட வேகமாக வண்டி ஓட்டியதில்லை. ஆனால் போகிற இடத்துக்கெல்லாம் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அது எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்லுவார்கள். எந்த ஊரைத் தொடாமல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த மேட்டில் லாரியை முந்திவிட்டால் அப்புறம் எதிரே ஈ காக்கை இருக்காது, எந்த ரயில்வே கேட்டை மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று, உங்கள் கையில் இருக்கும் காப்பி ஆறி ஆடை கட்டும்வரை சொல்லுவார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "எத்தனை மணிக்குக் கிளம்பினோம், சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்திருப்பார்கள். நீங்கள் ஏதாவது ஒரு மணியைச் சொல்லித் தோற்ற பிறகுதான் குடிப்பார்கள். "அடேயப்பா, பறந்தா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். அதே முகத்தைப் பார்த்து, "வேகமா ஓட்டினீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். வேகமா? அவர்களா? சேச்சே. வேகம் வேறு, சீக்கிரம் வேறு.

நாம் பார்க்கப்போகிறவர் இந்த இனத்தில் முற்றியவர். ஆஸ்பத்திரிக் கட்டில் விற்பது அவர் தொழில். தலைமாடு உயர்வது, கால்மாடு உயர்வது, பக்கவாட்டில் கம்பி வைத்தது, சக்கரம் வைத்தது என்று வண்ணப் படங்களைக் காட்டி ஊர் ஊராக ஆர்டர் எடுப்பார். எலும்பு முறிவுப் பிரிவில்தான் அவருக்கு வியாபாரம் அதிகம். அங்கே மட்டும் கட்டில் ஏன் எப்போதும் போதுவதில்லை என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க நேரம் ஏது? அடுத்த ஊருக்குச் சீக்கிரம் போக வேண்டுமே.

"எதுலயும் ஒரு நிதானம் வேணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொய்யில்லை, நிதானமானவர்தான். வீட்டில் ஒரு விளக்கு எரியாமல் போனால், போனது விளக்கா கம்பியா என்று ஒரு வாரம் ஆராய்வார். சட்டை எடுக்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து மறுபடி காட்டுவார். அந்த நிதானமெல்லாம் வண்டிச் சாவி கைக்கு வரும்வரைதான்.

அவர் மனைவி ஆண்டுக்கணக்காக அந்த வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருபவர். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தாலும் அந்த அம்மாள் மிதிப்பார். காலடியில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பு அவருடைய வலது கால் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. நிதானம் அதைப் பார்த்துவிட்டு விரிப்பு விற்ற கடைக்காரரைத் திட்டினார், மட்ட ரப்பரைத் தலையில் கட்டிவிட்டான் என்று.

ஒரு நாள் காலை, ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டிய வளைவில், மரத்தடியிலிருந்து ஒரு போக்குவரத்துக் காவலர் வெளியே வந்து கையைக் காட்டினார்.

இந்த இனம் நிறுத்தப்படும்போது முதலில் என்ன செய்யும் தெரியுமா? கண்ணாடியில் பின்னால் பார்க்கும். நிறுத்தச் சொன்னது யாரை என்று தெரிய வேண்டாமா? பின்னால் யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் ஓரங்கட்டினார்.

"என்ன வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா சார்?" என்று காவலர் குனிந்து கேட்டார். சின்ன வயது. மரியாதையான குரல்.

"மெதுவாத்தான் வந்தேன்."

"தொண்ணூத்திரண்டு சார். இங்க அறுபது."

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் மனப்பாடமானதுதான். வேகம் அளக்கும் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டார். சாலை இறக்கமாக இருப்பதால் வண்டி தானாக ஓடியிருக்கலாம் என்றார். நேற்றுதான் டயருக்குக் காற்று அடித்தேன், அதனாலும் இருக்கலாம் என்றார். உங்கள் கடமையைச் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று தட்டிக்கொடுத்தார். கடைசியில் வெள்ளை வண்டிக்கு வந்து சேர்ந்தார். தனக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி தன்னைவிட வேகமாகப் போனதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் எதிலும் நிதானம், அவன்தான் பிசாசு மாதிரிப் போனான் என்றார். ஒவ்வொரு அபராதத்துக்கும் முன்னால் இப்படி ஒரு வெள்ளை வண்டி போகும். அதை இதுவரை யாரும் பிடித்ததில்லை.

காவலர் எழுதிக்கொண்டே சொன்னார். "அந்த வெள்ளை வண்டி தினமும் போயிடுது சார். என் கையில சிக்கறதெல்லாம் உங்கள மாதிரி நிதானமானவங்கதான்."

பக்கத்து இருக்கையில் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. அந்த வருடத்தில் அது மூன்றாவது முறை. மூன்றாவது முறையென்றால் பணம் கட்டியதோடு போகாது. மூன்று மாதத்துக்கு லைசென்ஸைப் பிடித்துவைத்துவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாதவருக்குக் கம்பெனி வண்டி கிடையாது. வண்டி இல்லாதவருக்கு ஊர் சுற்றும் வேலை கிடையாது. கிடங்கில் போடுவார்கள். கட்டிலுக்கான திருகாணிகளைப் பெட்டி பெட்டியாக எண்ணும் வேலை, அதுவும் தான் வேலை கற்றுக்கொடுத்த ஒருவருக்குக் கீழே. போய்விட்டுத் திரும்பி வரும்போது பழைய ஊர்கள் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். எனவே நிதானம் வழக்காடத் தீர்மானித்தார். தப்புச் செய்யாதவன் எதற்குத் தலைகுனிய வேண்டும்?

கேமராவை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்கே போனார். வேக அளவு எழுதிய பலகையை ஒரு மரக்கிளை மறைத்துக்கொண்டிருந்தது. ஆனந்தம் தாங்கவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வந்து, சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவியிடம் காட்டினார்.

"பாரு, அறுபதுல பூஜ்யம் தெரியவே இல்ல. கிளை மறைக்குது."

அந்த அம்மாள் மாவுக்கை படாமல் எட்டிப் பார்த்தார். "அப்ப ஆறுன்னுல்லங்க தெரிஞ்சிருக்கும்?"

"ஆமா."

"அப்ப ஆறுலல்ல போயிருக்கணும்?"

படம் வழக்குக் கோப்பிலிருந்து காணாமல் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சாட்சி. அது மாவு பிசைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய், வேகமாகப் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் நிதானம். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே என்றார் மனைவி. அதுவும் நல்லதுதான், பயமில்லாமல் தூங்கிக்கொண்டு வந்தேன் என்று சொல்லேன் என்றார் கணவர்.

"தூங்கலைங்க. மூடிட்டு இருந்தேன்."

இருந்தாலும் வருவதாக ஒத்துக்கொண்டார். கிடங்கில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தைதானே. அதைவிடப் பெரிய பொய்களைக் கல்யாண வீடுகளில், வேகமாக ஓட்டுவதே இல்லை என்று இவர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டி, வாய் திறக்காமலே சொல்லியிருக்கிறார்.

வழக்கு நாளன்று மழை தூறியது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒருவர் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிதானத்துக்கு ஆள் கிடைத்தால் போதுமே. காவலர், கருவி, சாலை இறக்கம், டயர் காற்று, வெள்ளை வண்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். அந்த மனிதர் இடையிடையே தலையசைத்துக் கேட்டார். கேட்கிறவர் நல்லவராக இருந்தால் அவருடைய வழக்கையும் விசாரிப்பதுதானே முறை?

"உங்களுது எவ்வளவு வேகம்னு போட்டாங்க?"

"நாங்க ஓட்டலைங்க. என் தங்கச்சி நடந்துதான் போனா."

தாழ்வாரத்து ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தி மிதித்தது.

நிதானம் கெட்ட மனிதர் அல்ல. நிஜமாகவே வருந்தினார். பிறகு, மனதார, "வேகமா வர்றவனுங்கள சும்மா விடவே கூடாதுங்க" என்றார்.

அந்த மனிதர் துணிப்பையின் காதைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அவரும் மெதுவாத்தான் வந்தாராம்."

அதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். நல்ல வேளை என்றுதான் நிதானம் நினைத்திருப்பார். உள்ளே போகும்போது அந்த அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

நீதிபதி ஒரு பெண்மணி. ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக இருந்தார். நிதானம் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். கருவியைச் சோதித்த சான்றிதழைக் காவலர் நீட்டியபோது அதையும் படித்தார். பிறகு சாட்சியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க வண்டியில இருந்தீங்களாம்மா? வேகமா போனாரா?"

சொல்ல வேண்டியது வீட்டிலேயே ஒத்திகை பார்த்ததுதான். ஒரே வார்த்தை. 'இல்லை.' அந்த அம்மாள் வாயைத் திறந்தார். அது வரவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே, இத்தனை வருடமாகக் காதில் விழுந்து விழுந்து ஊறிப்போன ஒன்று வந்து விழுந்தது.

"அவர் வேகமா போகமாட்டாருங்க. சீக்கிரம் போவாரு."

காவலர் தரையைப் பார்த்தார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம்னா?" என்றார்.

அந்த ஒரு நொடி நிதானம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்களே சொல்லுங்கள், முப்பது வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் கேள்வியை ஒரு நீதிபதியே கேட்கும்போது, அந்த இனத்தில் பிறந்த ஒருவரால் சும்மா இருக்க முடியுமா?

"வீட்டுலேர்ந்து இங்க நாப்பது கிலோமீட்டர் மேடம்" என்றார், ஒரு அடி முன்னால் வந்து. "இன்னைக்கு இருபத்தஞ்சே நிமிஷம். அதுவும் மழைங்கறதால. இல்லன்னா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்."

சொல்லிவிட்டு, எல்லா வீட்டுக் கூடங்களிலும் செய்வதுபோல, சுற்றியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். பாராட்டுக்குக் காத்திருக்கும் பார்வை அது.

"நான் அதே ஊர்லேர்ந்துதான் தினமும் வரேன்" என்றார் நீதிபதி. "எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது."

"உங்க டிரைவர் எந்தப் பக்கமா வரார் மேடம்?" என்று நிதானம் உதவி செய்யும் குரலில் கேட்டார். நீதிபதி அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்.

அபராதம். மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. வண்டியை எடுத்துப்போகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கணவனும் மனைவியும் பஸ்ஸில் திரும்பினார்கள். நீ சீக்கிரம் என்ற வார்த்தையை எடுத்திருக்கவே கூடாது என்று நிதானம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் டிரைவரையும் ஒரு பிடி பிடித்தார். இந்த ஆள் வண்டி ஓட்டுகிறானா, உருட்டுகிறானா? இரண்டாவது நிறுத்தத்துக்குள்ளேயே மனைவி ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். ஆகவே அவர் சொன்னதெல்லாம் முன் இருக்கைக்காரருக்குத்தான் பயன்பட்டது.

இப்போது அவர் கிடங்கில் இருக்கிறார். ஒரு பெட்டித் திருகாணி எண்ண மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறதாம், அவருக்குப் பாதி நேரம்கூட ஆவதில்லையாம். எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று நான் கேட்கவில்லை. மாலையில் பஸ் எப்போது வருமோ அப்போது வீட்டுக்கு வருகிறார்.

அந்த அம்மாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம், கணவர் வண்டியில் வெளியூர் போயிருக்கும்போது வீட்டில் டெலிபோன் அடித்தால் முதல் மணி முடிவதற்குள் ஓடி வந்து எடுப்பார். எடுத்ததும் 'ஹலோ' சொல்ல மாட்டார், அந்தப் பக்கம் யார் குரல் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். இப்போது அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நடந்து வந்து எடுக்கிறார். மூன்று மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று நிதானம் எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாளும் எண்ணுகிறார். இருவருக்கும் ஒரே கணக்குதான். அவருக்கு அது குறைய மாட்டேன் என்கிறது. அந்த அம்மாளுக்கு மளமளவென்று குறைந்துகொண்டே வருகிறது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டுவீர்கள். அவசரம் என்றால், சாலை காலியாக இருந்தால், அதுவும் தெரிந்த சாலையாக இருந்தால் கொஞ்சம் அழுத்துவீர்கள். அதை யாராவது வேகம் என்பார்களா? ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம். போன மாதம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் இறங்கினீர்களே, கதவைத் திறந்தவர் "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாரே, அப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது? ஞாபகம் இல்லையென்றால் உங்களுடன் வண்டியில் வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். உடனே வேண்டாம். முதலில் அவர் இறங்கி, எதையாவது பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நிற்கட்டும்.