ஏலக்காய் காய்த்த இழைப்புளி

போடியில் பச்சை நிற டூத் பிரஷ் வைத்திருந்த ஒரு வீடுகூட சோடனையிடமிருந்து தப்பியதில்லை. புது பிரஷ் என்றால் பயப்பட வேண்டாம், அதை அவர் சீந்தவும் மாட்டார். வாயில் கிடந்து, மங்கி, தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பார். "அப்பு, அந்தப் பச்சைப் பிரஸ்சு இப்ப எப்பிடி இருக்கு?" என்பார். கேட்கிற தினுசைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தோன்றும்.

இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்கு அசதியாக வருகிறது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் மேனேஜர். முதலாளி திட்டுவதற்கும் வேலையாட்கள் முறைப்பதற்கும் நடுவில் ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். மழை, அட்டைக்கடி, பாதி வழியில் மூச்சை விடும் ஜீப்பு, பாறை மேல் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைக்கும் போன். இத்தனையும் போதாதென்று சோடனை வேறு வந்து சேர்ந்தார்.

சோடனை ஒரு தச்சர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. எதைக் கையில் எடுத்தாலும் அதற்கு ஒரு சோடனை செய்யாமல் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். அவருடைய அளவுகோலுக்கு இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். காதில் செருகுகிற பென்சிலுக்கு வாலில் குஞ்சம். தூக்குவாளியின் கைப்பிடியில் மயில். அவர் தெருவில் ஒருவர் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க ஏறி நிற்பதற்கு அவசரமாக ஒரு முக்காலி கேட்டார். தீபாவளிக்கு வந்து சேர்ந்தது, மூன்று காலிலும் கிளியோடு. அதன் மேல் மிதித்து ஏற மனசு வராமல் மனிதர் அதை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, ஒட்டடைக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கொண்டார்.

தெரிந்திருந்தும் ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பீர்கள். போடியில் இருக்கிற என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். வேறு எந்தத் தச்சரும் மலையேற வரவில்லை, அதுதான் காரணம். எங்கள் ஸ்டோர் ரூம் கதவைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. உலர்த்திய ஏலக்காயை மூட்டை கட்டி வைக்கிற அறை அது. தோட்டத்தில் எது நனைந்தாலும் முதலாளிக்குக் கவலையில்லை, நான் உட்பட. அந்த அறைக்குள் மட்டும் ஈரம் போகக் கூடாது. காய்ந்த காயில் மலைப்பனி ஏறினால் நமத்துப் போகும், பச்சை வெளுத்துவிடும், அப்புறம் ஏலத்தில் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

கோடையில் வந்தார். காய் பறிக்கிற பெண்கள் அடிவாரத்துச் சிலமலையிலிருந்து ஏறி வரும் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, கரண்டில் ஓடும் இழைப்பு மிசினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கதவு நன்றாகத்தான் செய்தார், அதை நான் மறுக்க மாட்டேன். மாட்டிவிட்டு, ஒரு விரலால் தள்ளி மூடிக் காட்டினார்.

"புது மரம் மேனேசரே. மழை விழுந்தா ஊதும். மழைக்கு முன்னாடி ஓரத்துல ஒரு இழைப்பு எடுத்து விட்டுர்றேன், நீங்க ஒங்க சோலியப் பாருங்க" என்றார்.

அந்த வார்த்தையை நம்பி நான் என் சோலியைப் பார்த்தேன். மூட்டை அடுக்கப் பலகைத்தட்டு செய்கிற வேலையும் பாக்கி இருந்ததால் அவர் நாள் தவறாமல் ஜீப்பில் வந்துகொண்டுதான் இருந்தார். வந்து என்ன செய்தார் என்பதுதான் விஷயம். பையிலிருந்து வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுப்பார், துணியை விலக்குவார், மடியில் வைத்துக்கொள்வார். அன்றைய பொழுது அதோடு போகும்.

உள்ளே இருந்தது ஓர் இழைப்புளி, மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற கருவி. செங்கல் நீளக் கட்டை, நடுவில் சாய்வாகச் செருகிய இரும்புத் தகடு. கட்டையை அவரே செதுக்கியிருந்தார். ஏதோ பழைய பங்களாவில் உடைந்துபோன கட்டிலின் ஈட்டிமரக் கால் அது. தகடு மட்டும் அவருடைய பழைய இழைப்புளியிலிருந்து கழற்றியது. மிச்சமிருந்த பழைய கட்டையை அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டாராம்.

"இது எதுக்குண்ணே? இழைக்கவா?"

"இழைக்கத்தான் மிசினு கெடக்கே. இது சும்மா, எனக்கு."

"சும்மான்னா?"

"நீங்க சட்டைப் பையில பேனா சொருகிருக்கீகளே, எழுதவா வச்சிருக்கீக?"

அந்தப் பேனாவில் மை தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தக் கட்டையின் ஒரு பக்கம் முழுக்க ஏலச்செடி ஒன்றைப் பதித்துக்கொண்டிருந்தார். தண்டுக்குப் பித்தளைக் கம்பி. இலைக்கு மஞ்சள் பலாமரத் துண்டு. பூவுக்கு வெள்ளைச் சட்டைப் பட்டன். காய்க்கு, தேய்ந்த பச்சை பிரஷ்ஷின் கைப்பிடி. துண்டை முதலில் அறுத்து, கட்டை மேல் வைத்து, கத்தி முனையால் சுற்றிலும் கோடு கிழிப்பார். கோட்டுக்குள் பொடி உளியால் நகக்கனத்துக்குக் குழி வெட்டி, பசை தடவி, கட்டைவிரலால் அழுத்துவார். காய் குழிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு காய், வேறு பிரஷ்.

ஒருநாள் காலையில் குளியலறையில் என் பிரஷ்ஷைக் காணவில்லை.

"அண்ணே, எம் பிரஷ்ஷப் பாத்தீங்களா?"

"தேஞ்சு போயிருந்துச்சே."

"போன மாசந்தாண்ணே வாங்குனேன்!"

"ஒங்க பல்லுக்கு அது போதும்னு நெனச்சேன்."

அன்று விரலால்தான் தேய்த்தேன். சட்டையின் மேல் பட்டனும் அதே வாரம் காணாமல் போனது. அந்த வருஷம் முழுக்கக் கழுத்துத் திறந்த சட்டையோடுதான் முதலாளி முன்னால் நின்றேன். "என்னய்யா, மேனேஜரா ரவுடியா?" என்று ஒருமுறை கேட்டார்.

ஒருவழியாக அந்தப் பக்கம் முடிந்தது. இனி கதவுப் பக்கம் வருவார் என்று மூச்சு விட்டேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெருமை தாங்காமல் அதைப் பேச்சியம்மாளிடம் காட்டினார். பேச்சியம்மாள் சிலமலைக்காரர், காய் பறிக்கிற பெண்களுக்குத் தலைவி. அந்தப் பதவியை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்குண்ணே. திராட்சைக் கொடியா?"

"ஏலச்செடி ஆத்தா! கண்ணு தெரியலயா?"

"ஏலச்செடில மேலயா காய் தொங்கும்? தூருலல்ல காய்க்கும்! நாங்க பொழுதன்னிக்கும் இடுப்பொடியக் குனிஞ்சு கெடக்கமே, மூக்குத்தியத் தொலச்சுட்டா தேடுறோம்?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறியது. சோடனை போடியிலேயே பிறந்து, கடைத்தெருவில் ஏலக்காய் வாசத்தை மூச்சாக இழுத்து வளர்ந்தவர். மூட்டையைப் பார்த்திருக்கிறார், தரம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறார், பாயசத்தில் பார்த்திருக்கிறார். தோட்டத்துக்குத் தினம் வந்தும் மடியை விட்டுத் தலை நிமிராததால் செடியை மட்டும் பார்க்கவில்லை. தூக்குவாளியை மூடி வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார். ஒரு செடியின் அடியில் குந்தி உட்கார்ந்து, மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடந்த காய்ச்சரத்தைச் சாயங்காலம் வரை பார்த்தார். திரும்பி வந்தபோது இரண்டு காலிலும் அட்டை தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் எல்லாக் காயையும் நோண்டி எடுத்தார். பழைய குழிகளை ஈட்டிமரத் துண்டால் அடைத்தார். காய்களை முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்தத் தடவை கீழே, கட்டையின் அடி ஓரத்தை ஒட்டி. நான் காலையும் மாலையும் கதவை ஞாபகப்படுத்தினேன்.

"காய் எறங்கட்டும் மேனேசரே" என்றார்.

காய் இறங்குவதற்குள் மழை இறங்கிவிட்டது. கதவு ஊதியது. தோளைக் கொடுத்தாலும் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றுகொண்டது. அது மட்டும் நடந்திருந்தால் மிசினை எடுத்து ஓர் இழைப்பில் முடித்திருக்கலாம். உலர்த்திய முதல் பறிப்பு முழுக்க மூட்டையாக அடுக்கி, மறுநாள் லோடு ஏற்ற வேண்டிய நிலையில் இருந்தபோது, மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தது. விழுகிற மரம் கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. லாரி வராது, காலையில் ஆட்களை ஏற்றி வந்த ஜீப்பு இறங்காது, கரண்டு இல்லை. பனி மட்டும் தாராளமாக வந்தது. அந்த ஒரு சாண் வழியாக ஸ்டோர் ரூமுக்குள் புகை மாதிரி நுழைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தார்ப்பாய் கட்டினோம், காற்று அதைச் சரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூட்டைகளை மாற்றலாமென்றால் தோட்டத்தில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான்.

பாறை மேல் ஏறி முதலாளிக்கு போன் போட்டேன்.

"காய் நமத்துச்சுன்னு வையி, நீ அப்படியே மலைய விட்டு எறங்கிரு. கணக்கு முடிக்கக்கூட வராத" என்றார்.

என் மகள் அப்போதுதான் மதுரையில் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். அரைக் கிழவனான என்னைப் புதிதாக வேலைக்கு வைக்க எந்தத் தோட்டக்காரரும் காத்திருக்கவில்லை. பாறையிலிருந்து இறங்கி வந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

"மிசின எடுங்கண்ணே" என்றேன், கரண்டு இல்லை என்று தெரிந்தே.

சோடனை மிசினைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். அவர் பையில் என்ன இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சியம்மாளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"அண்ணே, அந்தத் திராட்சைக் கொடிய வெளிய எடுங்க."

"நனஞ்சா பலா ஊதும் ஆத்தா. ஊதுனா எல்லாம் தள்ளிக்கிட்டு வந்துரும்" என்றார் சோடனை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மூட்டைகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜீப்பு டிரைவரைக் கூப்பிட்டார். "மாப்ளே, கதவக் கழட்டு. வெரசா."

கதவைக் கழற்றி, இறவாரத்தின் கீழே ஓரம் மேலாக இருக்கும்படி நிறுத்திப் பிடித்தோம். காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்தது. திறந்த வாசலைப் பெண்கள் மழைக்குத் தலையில் போடும் கொங்காணிச் சாக்கை விரித்து மறைத்து நின்றார்கள். சோடனை துணியை விலக்கி இழைப்புளியை எடுத்தார், தகட்டைத் தட்டிச் சரிபார்த்தார், கதவின் ஓரத்தில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஒரு சுருள் எழுந்து வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இழைக்குது மேனேசரே!" என்று மழையை மீறிக் கத்தினார். "எழவு, இது என்னமா இழைக்குது!"

அத்தனை மாதமாக அதை அலங்கரித்தவர், அது இழைக்குமா என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. ஈரம் கட்டையின் அடியிலிருந்துதான் ஏறியது. அதனால் தூரில் காய்த்த காய்கள்தான் முதலில் போயின. ஒரு காய் தெறித்து என் கன்னத்தில் பட்டது. பித்தளைக் கம்பி எழும்பி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. இலை ஒன்று வாயைப் பிளந்தது. பேச்சியம்மாள் குனிந்து குனிந்து பொறுக்கி முந்தியில் முடிந்தார், அவருக்குப் பழக்கமான வேலை. சோடனை கீழே பார்க்கவே இல்லை. "மேலயே காய்ச்சிருந்தா தப்பிச்சிருக்கும் ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

கதவை மாட்டினோம். அவர் ஒரு விரலால் தள்ளினார். மூடிக்கொண்டது.

காய் நமத்துப் போகவில்லை. என் வேலையும் போகவில்லை. முதலாளியிடம் சொன்னேன், "ம்" என்று சொல்லி போனை வைத்தார். சோடனையிடம் நன்றி சொல்லப் போனேன். "பலகைத்தட்டு பாக்கி கெடக்குல்ல, நாளைக்கு வர்றேன்" என்று பேச்சை மாற்றிவிட்டு, கிழிந்த கையால் கட்டையைத் துணியில் சுற்றினார். சுற்றி முடிக்கிற வரை நான் பக்கத்திலேயே நின்றேன். அழுகை வந்தது, மழை இருந்ததால் தெரியவில்லை.

நாளைக்கு வரவில்லை, ஒரு வாரம் கழித்து வந்தார். கிடைத்ததையெல்லாம் திரும்பவும் பதித்திருந்தார். மூன்று காய்கள் மட்டும் சேற்றில் போனது போனதுதான். அடி ஓரத்தில் மூன்று குழி காலியாக இருந்தது. போடிக் கடைத்தெருவில் இருந்த பச்சை பிரஷ் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது மினுக்குப் பச்சை அப்பு. ஏலக்காய் இப்பிடியா இருக்கும்? ஒருத்தர் வாயில கெடந்து மங்கணும்."

ஏலக்காய் எப்படி இருக்கும் என்று எனக்கே சொல்கிறார். பலகைத்தட்டு இன்னும் முடியவில்லை. இந்த மலையில் எனக்குப் பிடித்த மனிதர்கள் அதிகம் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேரில் அவர் ஒருவர், இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் நான் பச்சை பிரஷ்தான் வாங்குகிறேன். எனக்குப் பிடித்தது நீலம். காலையில் தேய்க்கிறேன், சாப்பிட்ட பின் தேய்க்கிறேன், படுக்கும் முன்னும் ஒருமுறை தேய்க்கிறேன். "இந்த வயசுல ஒங்க பல்ல யாரு பாக்கப் போறாக?" என்கிறாள் மனைவி. பல் என்னவோ தேய்ந்துகொண்டு வருகிறது. இந்தப் பிரஷ்தான் வெரசாக மங்க மாட்டேன் என்கிறது.