ஜெஸ்டன் வீட்டு பெட்ரோல் போர்டு

வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய போர்டைக் காயலாங்கடையில் போட்டுவிட்டு வந்து ஃபீபி அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆம்பூரிலிருந்து கணவன் ஜெஸ்டன் போன் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனுடைய ஷூ கம்பெனி ஜி.எம். வேலூர் பாகாயத்துக்கு, இவர்கள் வீட்டுக்கே வருகிறாராம். வெள்ளைக்காரன் காலத்து பெட்ரோல் பங்க் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் அவர். ஜெஸ்டனின் தாத்தா வேலை பார்த்த பங்க்கில் தொங்கிய நீல இனாமல் போர்டு அசல்தானா என்று பார்க்க வேண்டுமாம். ஜெஸ்டன் எதிர்பார்த்திருந்த சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்த நேரம். சொல்லும்போது ஜெஸ்டனின் குரலில் உயிரே இல்லை. கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்று ஃபீபி நினைத்துக்கொண்டாள்.

அவள் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து பகலில் கண் அசரும்போதெல்லாம் அந்தப் போர்டு காற்றில் சுவரோடு அடித்துக்கொண்டே இருக்கும். எத்தனையோ முறை சொல்லியும் அவன் கழற்றவில்லை. அவளே கழற்றிவிட்டாள்.

ஓடிப்போய்க் கேட்டால், கடைக்காரர் அப்துல் ஹமீத் கையை விரித்தார். போர்டு லாரி ஏறிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, உள்ளேயிருந்து அதே நீலத்தில், அதே எழுத்தோடு வேறொன்றை இழுத்து வந்தார்.

"இத மாட்டிடுங்க சிஸ்டர். யாருக்கும் தெரியாது."

பதிலுக்கு, அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டா கைமாறியது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், ஓரத்து வெள்ளைக் கோட்டில் இனாமல் பெயர்ந்து துரு தெரிந்தது. வீட்டில் இருந்ததில் ஒரு கீறல் கிடையாது. தோலா ரெக்சினா என்று விரலால் தடவியே சொல்கிற ஜெஸ்டனுக்கு இது தெரியாமல் போகுமா? டியூட்டி ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷை எடுத்துப் பூசினாள். அந்த இடம் மட்டும் கட்டிய பல் மாதிரி பளிச்சென்றது. மங்கட்டும் என்று மிச்சமிருந்த டீயைத் தேய்த்தாள். சர்க்கரை போட்ட டீ. எறும்பு வரிசை கட்டியது. எறும்பு மருந்தில் பாலிஷ் வழிந்து எழுத்தின் மேல் இறங்கியது. துடைத்து மாட்டினால், கனம் தாங்காமல் ஆணி காரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. விழுந்ததில் இன்னொரு மூலையும் பெயர்ந்தது. அவருடைய வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே ஆண்டவரே என்று அழுதுகொண்டே பெரிய ஆணியாக அடித்தாள்.

மாலையில் வந்த ஜெஸ்டன் போர்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். தெரிந்துவிட்டது, அதனால்தான் பேசமாட்டேன் என்கிறான் என்று நினைத்து அவளும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஞாயிறன்று ஜி.எம். பூதக்கண்ணாடியோடு வந்தார். போலி என்றால் மெல்லிய தகரத்தில் பெயிண்ட் அடித்தது, கையில் எடுத்தாலே தெரியும் என்றார். அசல் கெட்டி இரும்பு, முன்னும் பின்னும் இனாமல் சுட்டிருக்கும். ஆணித் துளைகளை உற்றுப் பார்த்தார். திருப்பி முதுகைத் தடவினார். எச்சில் தொட்டு மூலையைத் தேய்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

ஃபீபி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஜெஸ்டன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுக்கு ஷூ பாலிஷ் போட்ட ஆளை உள்ள தள்ளணும்," என்றார் ஜி.எம். "ஆனா போர்டு அசல், ஜெஸ்டன். சந்தேகமே இல்ல."

"அசலா சார்?" என்ற ஜெஸ்டன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஃபீபி நினைத்தாள்.

மறுநாள் காயலாங்கடையில் நின்று அழுதுவிட்டாள். ஊர் பேர் தெரியாத போர்டைத் தாத்தாவுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதனை ஏமாற்றிவிட்டேன், இனி எந்த முகத்தோடு ஜெபம் செய்வேன், சொல்லிவிடட்டுமா பாய் என்று கேட்டாள்.

அப்துல் ஹமீத் சங்கடமாகத் தாடியைத் தடவினார்.

"நான் உங்களுக்குக் குடுத்தது அவங்க தாத்தா போர்டேதான் சிஸ்டர். போன வருஷம் உங்க சாருதான் என்கிட்ட வித்துட்டு, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு தகரத்துல ஒண்ணு செஞ்சி மாட்டிக்கினாரு."