மூடுமந்திரம் அண்ணாச்சி கொடுத்த பிறந்த தேதி

டெல்லி மாநகரில் ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே ஆத்மா எங்கள் மூடுமந்திரம் அண்ணாச்சிதான். மத்திய அரசு தன் ரகசியக் கோப்புகளை அவர் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தால் நாடு நிம்மதியாகத் தூங்கியிருக்கும். அவர் வீட்டாருக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் என்பது பேச்சில் தெரியும்; எந்த ஊர் என்று இருபது வருஷமாக வாயைத் திறக்கவில்லை. பழைய பேப்பர் கபாடிவாலாவுக்குப் போகுமுன் தபால் உறைகளிலுள்ள விலாசங்களைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்துவிடுவார். ஏடிஎம் வந்த புதிதில் குடையோடு கிளம்புவார். வெயிலுக்காக இல்லை, உள்ளே போய் எண்ணை அழுத்தும்போது விரித்துக்கொள்வதற்கு.

சைபர் கஃபேயில் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடு இருக்கு வே. உள்ள என்னத்தையோ ஞாபகம் வச்சிருக்கான்" என்பார். பின்னால் நிற்பவர்கள் "அங்கிள்ஜி, ஜல்தி!" என்று கத்துவார்கள். கூடப் போன பாவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்பேன்.

அவர் மகள் உமாவுக்கு இருபத்தெட்டு வயது முடிந்தும் வரன் அமையவில்லை. வீட்டில் மதினி அழுது தீர்த்ததில் அண்ணாச்சி மனமிரங்கி, கல்யாண வெப்சைட்டில் பதியச் சம்மதித்தார். இண்டர்நெட் என் வீட்டில்தான் இருந்தது. பிறந்த தேதியையும் நேரத்தையும் அவர் முணுமுணுக்க, நான் தட்டினேன். வெப்சைட்டே ஜாதகம் கணித்துக் கொடுத்தது.

"ஃபோட்டோ வேணும் அண்ணாச்சி."

"முதுகுப் பக்கம் எடுத்தது ஒண்ணு இருக்கு. போதும்லா?"

முகம் தெரிகிற படத்தை வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அதிசயமாக ஒரு வரன் வந்தது. புசா ரோட்டுக் குடும்பம். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று அவர்களுடைய ஜோசியர் சொல்லிவிட்டார். பையனும் உமாவும் தினமும் ஃபோனில் பேசினார்கள். மாடியில் அந்தப் பெண் பாடிக்கொண்டே வேலை செய்வது கீழே எங்களுக்குக் கேட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின வாரம் அண்ணாச்சி வந்து என் அறைக் கதவைச் சாத்தினார்.

"பூசையில வைக்க உமாவோட கையால எழுதுன பழைய ஜாதகத்தைக் கேக்காங்க வே. அன்னைக்கு நான் குடுத்தது அவ பொறந்த தேதி இல்ல."

"பின்னே?"

"அதே வருஷம் நம்ம ஸ்கூட்டர் டெலிவரி எடுத்த தேதி. உண்மையை எவனாவது கம்ப்யூட்டர்ல போடுவானா?"

"நேரம்?"

"வண்டி வீட்டு வாசலுக்கு வந்த நேரம்."

ஆக, மாப்பிள்ளைக்கு ஒன்பது பொருத்தம் அமைந்தது ஸ்கூட்டரோடு! சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அந்தத் தேதிக்கே ஒரு ஜாதகம் எழுதி வாங்கிடலாம். மூச்சு விடாதீங்க" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்கிட்ட மறைக்கலாம் வே. பொண்ணெடுக்க வாரவங்ககிட்ட மறைக்கப்பிடாது."

மறுநாளே நிஜ ஜாதகத்தோடு போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அது பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும், பிறந்த தேதியிலேயே பொய் சொன்ன குடும்பம் வேண்டாமென்று பையனின் அப்பா சொல்லிவிட்டாராம். பையன் அதன் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. உமா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். மாடியில் பாட்டும் நின்றது.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "தேதி, நேரம், வீட்டு நம்பர், என் ஃபோன் நம்பர் எல்லாத்தையும் போடும். ஒண்ணையும் விட்டுராதேயும்." ஒவ்வொன்றாகச் சொல்லும்போதும், நடுத்தெருவில் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி குறுகிப்போனார்.

வாசலில் உமா நின்றிருந்தாள்.

"அரே அங்கிள், அப்பா நம்பர் போடாதீங்க, ப்ளீஸ். யார் யாரோ கால் பண்ணுவாங்க, அப்பாக்குப் பயமா இருக்கும். என் நம்பர் போடுங்க."

அண்ணாச்சி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

உமாவுக்கு அந்த வருஷமும் வரன் அமையவில்லை. அவள் பெயர் உமாவும் இல்லை. அந்த மனிதருக்காக இதையாவது மறைக்காவிட்டால் நான் என்ன மனுஷன்?