புவியியலுக்கு மூன்று துணைப் புத்தகங்கள்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு மூவரும் சுகம். தாங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது ஒப்புக்கு எழுதியதல்ல, நிஜமாகவே நம்புகிறேன்.

இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கடிதம் போடுகிறானே, எதற்கு அடி போடுகிறான் என்று நினைப்பீர்கள். நினைப்பு சரிதான். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்த அன்று, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு மேலயும் கீழயும்தான் தெரியும், நீ அவளுக்கு எப்படிடா திசை சொல்லித் தரப்போற?" என்று கேட்டீர்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இருபத்தைந்து வருடமாகப் புவியியல் டீச்சராக இருப்பவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அதை விடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வருகிறார். மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டாள். புவியியலுக்கு மட்டும் பாடப் புத்தகம் போதாதாம். மூன்று துணைப் புத்தகங்களைப் படிவத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும், வரும்போது மூன்றையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வீட்டுப் படிப்பு ரத்து. வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த பெண், இங்கே கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். அந்த வாய் மறுபடி மூடிவிடுமோ என்பதுதான் என் பயம்.

நான் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் பெரிய உலக வரைபடப் புத்தகம் ஒன்று வாங்கினேன், லிஃப்டுக்கு எதிர் எடையாகவே மாட்டலாம், அவ்வளவு கனம். நாலு நாட்டுத் தலைநகரங்களை அவள் நெட்டுருப் போட்டு முடித்த பிறகுதான் அந்த நாலு நாடும் இப்போது இல்லை என்று தெரிந்தது. சரியென்று எரிமலைப் படப் புத்தகம் ஒன்று வாங்கினேன், 'வீட்டிலேயே செய்து பாருங்கள்' என்று போட்டிருந்தது, செய்து பார்த்தோம், சோடா மாவும் வினிகரும் சிவப்புச் சாயமும் சேர்ந்து பொங்கியதில் இஸ்திரி போட்டுத் தொங்கிய என் மனைவியின் நர்ஸ் சீருடை மேல் தெறித்துவிட்டது, மாற்றுச் சீருடை ஈரமாக இருந்ததால் அவள் அதையே போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போக, வார்டில் நோயாளியை விட்டுவிட்டு இவளைப் படுக்க வைத்துவிட்டார்களாம். பிறகு திசைகாட்டியோடு ஒரு புத்தகம் வந்தது. 'வடக்கே இருநூறு எட்டு நடந்து, கண்டதை எழுதவும்' என்பது முதல் பாடம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தெருமுனை வரை வடக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் சலவைக் கடைப் பக்கம் திரும்பியது, நாங்களும் திரும்பினோம், பல் டாக்டர் வீட்டுப் பக்கம் திரும்பியது, அங்கேயும் போனோம், கடைசியில் எங்கள் வாசலிலேயே வந்து நின்றோம். இவ்வளவு பெரிய பதிப்பகம் ஓட்டைத் திசைகாட்டி கொடுக்கலாமா என்று நாலு பக்கம் காட்டமாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு தங்கள் மருமகள் சொல்கிறாள், "அப்பா, நீங்க டூல்ஸ் பையை எந்தப் பக்கம் மாத்துறீங்களோ அந்தப் பக்கம்தான் வடக்கு போகுது." பையில் லிஃப்டுக்குப் போடும் காந்தம் இரண்டு கிடந்தது. அந்தப் பை இல்லாமல் தெருவில் இறங்க எனக்குக் கால் வராது.

ஆனால் அக்கா, அதைக் கண்டுபிடித்தது அவள்! எரிமலையும் திசைகாட்டியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அந்த இரண்டு புத்தகமும் தேறிவிட்டன. இப்போது ஆற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "ஆறு ஏன்ப்பா நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றாள். "அதுக்கு என்ன அவசரம்?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, சின்ன வயதில் நீ என்னைப் பார்ப்பாயே, அதேதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது புத்தகம் மட்டும் கிடைத்துவிட்டால் நிச்சயம் ஜெயித்துவிடுவாள்.

ஆகவே ஆறுகளைப் பற்றிய நல்ல புத்தகம் ஒன்றின் பெயரை ஓர் அட்டையில் எழுதிப் போட்டால் போதும். தாங்கள் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். பழைய பேச்சை இருவருமே எடுக்க வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, போகிற இடமெல்லாம் லிஃப்ட் ஓடுகிற நிலையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

பின்குறிப்பு: புத்தகத்தின் பெயர் வேண்டாம். மேசை மேல் இருந்த படிவத்தைத் தானே நிரப்பி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, தபாலில் போட்டுவிட்டு வந்து இப்போதுதான் சொல்கிறாள். மூன்றாவது வரியில் என்ன எழுதினாய் என்றேன். "அத்தைன்னு எழுதினேன்" என்கிறாள். "புத்தகத்தைத்தானேம்மா கேட்டாங்க?" என்றேன். "நீங்க திணறும்போதெல்லாம், அக்கா இருந்தா சொல்லிடுவான்னு நீங்கதானேப்பா சொல்றீங்க?" என்கிறாள். அதிகாரி மூன்றையும் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை சாயங்கால ரயிலிலேயே வந்துவிடு அக்கா. அன்று நான் பேசியது தப்பு, ரொம்பத் தப்பு. மீதியை நேரில் வந்து திட்டு.