பழைய சோற்றின் சந்தை மதிப்பு

சிங்கப்பூரில் ஏழையாக இருப்பது அவ்வளவு சுலபமில்லை. அதற்குத் தகுதி வேண்டும். கையில் காசு இல்லை என்பதெல்லாம் ஒரு தகுதியா? அது வெறும் நிலைமை. உரிய அதிகாரி நேரில் வந்து, கண்ணால் பார்த்து, மனப்பூர்வமாக ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு குடும்பம் முறைப்படி ஏழையாகிறது. இந்த நுணுக்கம் தெரியாமல்தான் பாசிர் ரிஸ்ஸில் நாலாவது மாடியில் குடியிருந்த வெரோனிகா மாட்டிக்கொண்டாள்.

அவள் கணவன் ரோனி துவாஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். முதுகுத் தண்டில் ஒரு வட்டு இடம் நழுவிவிட்டது. மூன்று மாதம் அந்த வண்டியில் ஏறக் கூடாது, ஏறினால் பிறகு நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியும் மிகுந்த அனுதாபத்தோடு விடுப்பைக் கொடுத்தது, சம்பளத்தை நிறுத்தியது.

இல்ல உணவு நலவாரியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. அது தரும் மளிகை அட்டை கிடைத்துவிட்டால் ரோனி கட்டிலில் கிடந்து முதுகைத் தேற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவன் துவாஸுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். வெரோனிகாவின் கவலை இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டும். வெரோனிகா பிரமாதமாகச் சமைப்பாள். அந்தக் குடும்பத்தைப் பிடித்த சனியனே அதுதான். தேக்கா மார்க்கெட்டில் தரையைக் கழுவிவிட ஆரம்பிக்கும் நேரம் பார்த்துப் போய் நிற்பாள். மீன்கடை ஒலி முகம்மது, உரித்த இறாலின் தலைகளை ஒரு பையில் போட்டு, "கொண்டு போங்கக்கா, எனக்குக் குப்பைல கொட்டுற வேல மிச்சம்" என்பார். காய்கறிக் கடையில் காலிஃபிளவர் தண்டு, நசுங்கிய தக்காளி. பழக்கடையில் வெட்டி விற்ற தர்பூசணியின் தோல். வீட்டுக்கு வந்தால் இறால் தலை ரசமாகும், தண்டு பொரியலாகும், தோல் கூட்டாகும். மின்தூக்கியில் ஏறுகிற ஆள் நாலாவது மாடியில் கதவு திறந்தால், வாசனையில் தன் வீடு பத்தாவது மாடி என்பதையே ஒரு நிமிஷம் மறந்து நிற்பார்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வந்தவள் நிரஞ்சனா என்ற இளம் அதிகாரி. வேலைக்குச் சேர்ந்து அவள் பார்க்கப்போகும் முதல் ஏழை வெரோனிகாதான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஐபேட், முகத்தில் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இரக்கம். வந்த நேரம் பகல் சாப்பாட்டு நேரம்.

"சாப்டியாம்மா?" என்றாள் வெரோனிகா.

"பரவால்ல ஆன்ட்டி, நான் ஆன் டியூட்டி."

"டியூட்டில இருந்தா வயிறு இருக்காதா? போய் கையக் கழுவிட்டு வா."

பசிக்கு உதவி கேட்டு அதிகாரியை வரவழைத்துவிட்டு, அந்த அதிகாரியைப் பசியோடு அனுப்பத் தெரியாத ஜாதி நாம். வீட்டில் இருந்த அத்தனையும் மேசைக்கு வந்தது. ரோனி படுக்கையிலிருந்தே, "அப்பளம் இருக்கே வெரோ, அதையும் பொரிச்சிடு" என்று குரல் கொடுத்தான். நிரஞ்சனா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். மூன்றாம் முறை ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தாள்.

"ஆன்ட்டி, சூப்பர் லா! இதுல என்ன போட்டீங்க?"

"இறால் தலைம்மா."

நிரஞ்சனா ஐபேடைப் பார்த்தாள். அதில் 'இறால்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தலை மட்டும்' என்று கட்டம் இல்லை. அடுத்த கேள்வி, உணவின் தரம். அவள் நேர்மையான பெண், விரலை நக்கிக்கொண்டே 'மிக நன்று' என்பதைத் தொட்டாள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. "தங்கள் இல்லத்தில் கடலுணவு உட்கொள்ளப்படுவதாலும், உணவின் தரம் வறுமைக்குரிய தரத்தைவிடக் கணிசமாக உயர்ந்து காணப்படுவதாலும், தங்களை ஏழையாக அங்கீகரிக்க இயலாமைக்கு வாரியம் மிகவும் வருந்துகிறது."

"ரெண்டு பிஸ்கட்ட நீட்டி அனுப்பியிருக்கலாம்ல?" என்றான் ரோனி.

"பிஸ்கட்டுக்கு எங்க போறது? அதக் காசு குடுத்துல்ல வாங்கணும்!"

நிரஞ்சனாவுக்கு மனசு கேட்கவில்லை. போன் பண்ணினாள். "ஆன்ட்டி, அப்பீல் பண்ணுங்க. பெரிய ஆபீசரே வருவாரு. ஆனா ப்ளீஸ், இந்தத் தடவ டேஸ்ட்டா சமைக்காதீங்க லா."

வெரோனிகா முயற்சி செய்யாமல் இல்லை. குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவதற்குக் கையை ஓங்கினாள். கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கெடுத்துச் சமைப்பதும் ஒரு வித்தை, அது அவளுக்கு வரவில்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பழைய சோறு! இதைவிட ஏழைச் சாப்பாடு உலகத்தில் உண்டா? இதைப் பார்த்துவிட்டு எந்த அதிகாரி வாயைத் திறப்பான்? ரோனிக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் வருகிறவர்களுக்கு வெறும் சோற்றை எப்படி வைப்பது? சின்ன வெங்காயம் நாலு உரித்தாள். பச்சை மிளகாயைக் கீறி வைத்தாள். ஒரு பிடி நெத்திலியை வறுத்தாள். தர்பூசணித் தோலில் கொஞ்சம் தொக்கு, சும்மா தொட்டுக்கொள்ள.

முதுநிலை மதிப்பீட்டு அதிகாரி முத்துராமன் வந்தார். அறுபதை நெருங்குபவர், சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நினைக்கிற மனிதர். நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தாள். கூடவே வித்யா என்று ஒரு பெண்மணி, வாரியத்தின் உணவு அனுபவ ஆலோசகர். நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதை நமக்கே விளக்குவது அவருடைய உத்தியோகம்.

கிண்ணத்தைப் பார்த்ததும் வித்யா நெஞ்சில் கை வைத்தார்.

"ஓ மை காட்! ஃபெர்மென்ட்டட் ரைஸ்!"

"பழசும்மா" என்றாள் வெரோனிகா அவசரமாக. "நேத்து மிஞ்சினது."

"ஓவர்நைட்! சார், இது ப்ரோபயாட்டிக் பவுல். குடலுக்கு அமிர்தம். இந்தத் தோல் தொக்கு ஸீரோ வேஸ்ட். இதத்தான் இப்ப உலகமே தேடுது." கிண்ணத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்து, வெங்காயத்தை இந்தப் பக்கம் நகர்த்தி, மிளகாயை அந்தப் பக்கம் சாய்த்து, விதவிதமாகப் படம் எடுத்தார். சாப்பிடக் காத்திருந்த முத்துராமன் எச்சிலை விழுங்கினார்.

"ஜாலான் புசார்ல ஒரு கஃபே இருக்கு" என்றார் வித்யா. "இதே பவுல் இருபத்தெட்டு வெள்ளி. அங்க நெத்திலி கூட வைக்க மாட்டாங்க."

முத்துராமன் நிமிர்ந்தார். "இருபத்தெட்டா?"

"சர்விஸ் சார்ஜ் தனி."

அவர் முதலில் நிதானமாக, கிண்ணத்தின் அடியில் பருக்கை இல்லாமல் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து மதிப்பீட்டைத் தொடங்கினார்.

"வீட்டுல மூணு பேரு, இல்லையா?"

"ஆமா சார். நாங்க ரெண்டு பேரு, ஸ்கூலுக்குப் போற மக அபிகேல்."

"மூணு பேரு, மூணு வேளை, முப்பது நாள்." உதட்டுக்குள் பெருக்கினார். கண் விரிந்தது. "சிஸ்டர், நான் இந்த அளவுக்குச் சாப்பிடறதில்லையே!"

"சார், அவ்வளவு காசு எங்ககிட்ட ஏது?"

"இருக்குன்னு யாரு சொன்னா? செலவாயிடுச்சுன்னுதான் சொல்றேன்."

"செலவே பண்ணலயே சார்!"

"அங்கதான் சிக்கல். செலவே பண்ணாம இருபத்தெட்டு வெள்ளிச் சாப்பாடு சாப்பிடறீங்கன்னா, அந்த இருபத்தெட்டும் உங்களுக்கு வருமானம். வருமானம் உள்ளவங்க ஏழையா இருக்க விதியில இடமில்ல."

ரோனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். "சார், வெறும் கையில பழைய சோறுதான சாப்பிடறோம்? கஃபேலயா சாப்பிடறோம்?"

"கஃபேக்குப் போற பஸ் செலவும் மிச்சம்" என்று அதையும் சேர்த்துக்கொண்டார் முத்துராமன்.

ஆனாலும் அவர் நியாயஸ்தர். ஒரே ஒரு சாப்பாட்டை வைத்து ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை முடிவு செய்வது முறையல்ல என்று கருதினார். ஆகவே 'ருசி உறுதிப்படுத்தல்' என்ற பெயரில் தொடர் வருகைகளுக்கு ஏற்பாடானது. எல்லா வருகையும் தற்செயலாகப் பகல் ஒரு மணிக்கே அமைந்தது. ஒருநாள் பயிற்சிப் பிரிவு வந்தது. இன்னொரு நாள் கொள்கை வகுப்புப் பிரிவு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். எதற்காக வந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் தம் கருத்தைப் பதிவு செய்தார்.

வெரோனிகா சலிக்காமல் போட்டாள். தன் வீட்டில் கை நனைத்தவர்கள் தன்னைக் கைவிடமாட்டார்கள் என்று அந்தப் பைத்தியக்காரி நம்பினாள். அவர்கள் எழுந்து போன பிறகு மிஞ்சியதை அபிகேலுக்கு வைத்துவிட்டு, அவளும் ரோனியும் வரக்காப்பி குடித்தார்கள்.

"திங்கக்கிழம வேலைக்கு வரேன்னு கம்பெனிக்குச் சொல்லிடப்போறேன்" என்றான் ரோனி.

"முதுகுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள் வெரோனிகா. "இன்னும் ஒரே ஒரு தடவ வருவாங்களாம். பொறுத்துப் பாப்போம்."

அந்த ஒரு தடவையும் வந்தது. முத்துராமன் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார். வாசனை ஒன்றும் இல்லை.

"என்ன சிஸ்டர், இன்னிக்கி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும்னா? ரசம் மட்டுமா?"

அவள் அரிசி டப்பாவைத் திறந்து காட்டினாள். டப்பாவின் அடி பளபளத்தது. அலமாரியைத் திறந்தாள். புளி வைத்திருந்த ஜாடியில் கொட்டைதான் கிடந்தது. முத்துராமன் முகத்தில் முதலில் ஏமாற்றம், நிஜமான ஏமாற்றம். மெல்ல மெல்ல அந்த முகத்தில் அதிகாரி விழித்துக்கொண்டார்.

"நிரஞ்சனா, பாத்தியா? இதத்தானே நாம இவ்வளவு நாளாத் தேடினோம்! வாழ்த்துகள் சிஸ்டர், நீங்க தகுதி அடைஞ்சிட்டீங்க!"

வெரோனிகா பொங்கி அழுதுவிட்டாள். ரோனி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவருக்குக் கை கொடுத்தான்.

சனிக்கிழமை காலை முத்துராமனும் நிரஞ்சனாவும் அட்டையை நேரிலேயே கொண்டுவந்தார்கள். முத்துராமன் எழுந்து நின்று உத்தரவை வாசித்தார். "அடிக்கடி வரும் விருந்தினரால் இக்குடும்பத்தில் உணவுப் பற்றாக்குறை ஏற்பட்டுள்ளமை ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. எனவே மூன்று மாத காலத்திற்கு மளிகை அட்டை வழங்கப்படுகிறது. பயனாளி இனி எந்த விருந்தினருக்கும் உணவளிக்கலாகாது என்பது நிபந்தனை."

"விருந்தாளின்னா யாரு சார்?" என்று ரோனி கேட்டான்.

"அந்த விவரம் எங்களுக்கு எதுக்கு? யாரோ வந்து உங்கள மொட்டையடிச்சிட்டுப் போயிருக்காங்க. இரக்கமில்லாத ஜனங்க" என்று வருத்தப்பட்டார் முத்துராமன்.

அட்டை கைக்கு வந்துவிட்டது. வெரோனிகா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனசு நிறைந்துவிட்டால் அவளுக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். பக்கத்து வீட்டுத் தங்கத்திடம் ஓடி ரவையும் சர்க்கரையும் கடன் வாங்கினாள். நெய்க்குப் பதில் எண்ணெய், முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை, வாசனைக்கு வராந்தாத் தொட்டியில் வளர்ந்த பாண்டான் இலை. பத்து நிமிஷத்தில் கேசரி வந்தது.

"நல்ல சேதி கொண்டுவந்திருக்கீங்க, வெறும் வாயோட போகக் கூடாது சார்."

"எதுக்கு சிஸ்டர் சிரமம்?" என்றபடியே முத்துராமன் தட்டை வாங்கினார். நிரஞ்சனாவும் வாங்கினாள். தட்டு காலியானதும் மறுபடி நீட்டினார்கள். கேசரி உள்ளே போகும்வரை அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

முத்துராமன் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். பிறகு சோகமாக மேசைமேல் இருந்த அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார்?" என்றாள் வெரோனிகா.

"நிபந்தனைய மீறிட்டீங்களே சிஸ்டர். அட்டை ரத்து."

"சார், நாமதானே சாப்பிட்டோம்?" என்றாள் நிரஞ்சனா, வாயில் இன்னும் கேசரி இருந்தது.

"அதனாலதான் மறுக்க முடியல. கேள்விப்பட்டிருந்தா விட்டுத்தள்ளலாம். சாட்சியே நாமளா இருக்கோமே."

வெரோனிகா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வாயைத் திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ரோனி, "சரி, திங்கக்கிழம கெளம்பிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, கீழே குனிய முடியாமல் காலாலேயே சேஃப்டி பூட்ஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட முத்துராமன் தயங்கித் திரும்பினார்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல மிஸஸுக்குக் கேசரின்னா உயிரு. மிச்சம் இருந்தா ஒரு டப்பாவுல…"

வெரோனிகா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை அலமாரிக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்தது. அபிகேலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பங்கையும் சேர்த்து வழித்துப் போட்டாள்.

ரோனி பூட்ஸிலிருந்து தலையைத் தூக்கினான்.

"மூடிய நல்லா அழுத்திப் போடு வெரோ. எம்.ஆர்.டி. ரயில்ல கொட்டிடப் போவுது."