டெஃபினிட்லி சிக்னல் கிடைக்கும்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். பெங்களூர்லேருந்து வர்ற மேடம்கிட்ட ரூம் சாவியைக் கொடுக்கணும்.

மலை மேல கரியாலூர்ல நானும் என் வீட்டுக்காரம்மா செல்வியும் ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கோம். இவங்கதான் முதல் கெஸ்ட். நெட்ல நாலு வரி நல்லதா எழுதினாங்கன்னா பொழச்சோம். இல்லேன்னா ரூம்ல மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத்தான் அடுக்கணும்.

எனக்கு இங்கிலீஷ் பயம் கிடையாது. கள்ளக்குறிச்சியில ஒரு மாடியில மூணு வாரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போனவன். மாஸ்டர் சொன்னதுல மூணு ஜோடி மட்டும் மறக்கல. 'வில்'லோட 'டெஃபினிட்லி', 'கேன்'னோட 'ஈஸிலி', 'மைட்'டோட 'பாசிப்ளி'. "புருஷன் பொண்டாட்டி மாதிரி, பிரிச்சுடாதீங்க"ன்னார்.

மூணாவது ஜோடியை நான் கிளாஸ்லயே விட்டுட்டு வந்துட்டேன். மைட் பாசிப்ளின்னா 'நடந்தாலும் நடக்கலாம்'னு அர்த்தமாம். அப்படி இழுக்கிறவன்கிட்ட யாரு ரூம் எடுப்பாங்க?

அதுக்கு முந்தின வாரம் நான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தப்ப மேடம் போன் பண்ணாங்க. சுடுதண்ணி வருமான்னு கேட்டாங்க. "வில் டெஃபினிட்லி"ன்னேன். சின்ன கார் மேட்டுல ஏறுமா? "கேன் ஈஸிலி."

அப்புறம்தான் முக்கியமான கேள்வி. வேலை போய் எட்டு மாசம் ஆச்சாம். வர்ற அன்னிக்கே சாயந்திரம் நாலு மணிக்கு வீடியோவுல இன்டர்வியூவாம். சிக்னல் கிடைக்குமா?

நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. காதுகுத்துக்குப் பத்திரிகை வச்சா, வர முடியாதவன்கூட "கண்டிப்பா வந்துடறோம்"பான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா மரியாதை இல்ல. பத்திரிகை வச்சவனும் அதைக் கேட்டுட்டு அந்த வீட்டுக்கு இலை போட மாட்டான். "பாக்கலாங்க, தோதுப்பட்டா"ன்னு இழுக்கிறவன்தான் குடும்பத்தோட முதல் பந்தியில உக்காந்திருப்பான்.

அந்தப் பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். "வில் டெஃபினிட்லி, மேடம்."

மேடம் ரெண்டரை மணிக்கு வந்தாங்க. கடைசி மேட்டுல கார் நின்னு போச்சு. நான் பின்னால தள்ள, செல்வி டயருக்குக் கல்லு வைக்க, ஒரு வழியா வீடு வந்து சேந்தோம். சுடுதண்ணியை விறகு அடுப்புல காய வச்சுக் குண்டானோட கொடுத்தேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுஷி.

மூணேகாலுக்குப் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தாங்க. முகம் வெளுத்திருந்துச்சு.

"யூ செட் டெஃபினிட்லி"ன்னாங்க.

செல்வி என்னைப் பாத்தா. "இன்னா சொல்றாங்க?"

"சிக்னல் இல்லியாம்."

"இங்க இல்லேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு இருக்குதுன்னு சொன்னீங்க?"

"கேட்டாங்களே."

எங்க மலையில சிக்னல் வர்ற இடம் ஒரு வளைவுதான். மேடத்தை பைக்ல உக்கார வச்சு அங்க ஓட்டினேன். போய்ப் பாத்தா சரியா அந்த இடத்துல ஒரு மினி லாரி நிக்குது. மரவள்ளி மூட்டை லோடு. அந்த மூட்டை மேல ஏறினாதான் நாலு கோடு வருது.

டிரைவர் கைய காலப் புடிச்சு மேடத்தை மேல ஏத்தினேன். தூறல் ஆரம்பிச்சுது. நானும் ஏறிக் குடை பிடிச்சேன். மணி நாலு.

கீழேருந்து டிரைவர் கத்தினார். "அண்ணே, நான் மில்லுக்குப் போவணும். இன்னும் எவ்ளோ நேரமாவும்?"

"கண்டிப்பா அஞ்சே நிமிஷம்."

அவர் உள்ளூர்க்காரர். வண்டியை ஆஃப் பண்ணிட்டு, சீட்டை மடக்கிப் படுத்துட்டார்.

முக்கால் மணி நேரம் ஓடுச்சு. எனக்குக் கை மரத்துப் போச்சு. நடுவுல போன்ல அந்தப் பக்கத்துலேருந்து, குடை பிடிச்சிருக்கிற கை யாருதுன்னு கேட்டாங்க. "ஹோட்டல் மேனேஜர்"னு மேடம் சொன்னாங்க. அந்த வார்த்தைக்கே இன்னும் ஒரு மணி நேரம் பிடிச்சிருப்பேன்.

கடைசியில அந்தப் பக்கம் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. "வீ மைட் பாசிப்ளி கால் யூ டுமாரோ."

மேடத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அவ்ளோதான், போச்சு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க.

எனக்கோ அப்பத்தான் உயிரே வந்துச்சு. காதுகுத்து, பத்திரிகை, முதல் பந்தி எல்லாத்தையும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல விளக்கினேன். "டெஃபினிட்லி சொன்னா நோ கம் மேடம். மைட் சொன்னவன் ஃபேமிலியோட கம்."

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அப்ப நான் சொன்ன டெஃபினிட்லிக்கெல்லாம் என்ன அர்த்தம்னு கேட்டாங்க. நான் டிரைவரை எழுப்பக் கீழே இறங்கிட்டேன்.

மறுநாள் காலையில அதே வளைவுக்குக் கூட்டிட்டுப் போனேன். போன் வந்துச்சு. வேலை கிடைச்சுடுச்சு. மேடம் ரோட்டுலயே சிரிச்சாங்க, அழுதாங்க. எனக்கும் சந்தோஷம் தாங்கல.

கிளம்பற நேரத்துல செல்வி அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷைக் கூட்டிக் கேட்டா. "மேடம், அகெய்ன் கம்?"

மேடம் அந்தக் குண்டானைப் பாத்தாங்க. மேட்டைப் பாத்தாங்க. கடைசியா என்னைப் பாத்தாங்க. அப்புறம் நம்ம ஊர்க்காரங்க மாதிரியே தலையை அழகா ஆட்டினாங்க.

"வில் டெஃபினிட்லி கம்."

கார் போனதும் செல்விக்கு வாயெல்லாம் பல்லு. "கேட்டீங்களா, கண்டிப்பா வருவாங்களாம்."

நான் ரூமைக் கூட்டிட்டு, கிழங்கு மூட்டையை உள்ள அடுக்கினேன்.