சாவுச் சோற்றுக்கு ஏற்ற ஒயின்

சாவதென்றால் கௌரவமாகச் சாக வேண்டும் என்று ஜும்பெர் முடிவெடுத்தபோது காலை மணி பதினொன்று. தெலாவி ஊர் டாக்டர் கெடு சொல்லி ஆறு வாரம் ஆகியிருந்தது: "கல்லீரல் முக்கால்வாசி போச்சு. இனிமே குடிச்சீங்கன்னா அடுத்த திராட்சை அறுப்பைப் பார்க்க மாட்டீங்க." ஒயினுக்கே பேர்போன ககேத்திச் சீமைக்காரன் ஒருவனிடம் இதைச் சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

ஆறு வாரமாக ஒயின் அறைச் சாவி அவர் மனைவி சியூரியின் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது. உள்ளே மூன்று தாழிகள். மண்ணில் கழுத்துவரை புதைந்து, மூடிக்கல்லும் அதன்மேல் களிமண் பூச்சுமாகக் கிடந்தன. போன அறுப்பில் ஜும்பெரே திராட்சை மிதித்து ஊற்றியது. வசந்தம் வந்துவிட்டது, ஊரே தாழி திறந்து ருசி பார்க்கிறது. இவர் மட்டும் வேலியோரம் நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தார். வீடு நிம்மதியாக இருக்கிறதென்று சியூரி சந்தோஷப்பட்டாள். கடைசியில் சாவையே துணைக்குக் கூப்பிட்டார்.

"சியூரி, நான் இன்னும் எத்தனை நாளோ. என் சாவுச் சோத்துக்கு எந்த ஒயின்னு இப்பவே முடிவு பண்ணிடணும்."

சியூரி பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இருக்கறதை ஊத்திக்கறேன், நீ போய்ப் படு."

"ஒத்தாருக்கு ஊத்தினோமே, அந்த மாதிரியா?"

அவள் கை நின்றது. ஒத்தார், ஜும்பெரின் அண்ணன். இதே கல்லீரல்தான். மூன்று வருடம் முன்னால் போய்ச் சேர்ந்தார். கூடாரம் போட்டு முந்நூறு பேர் உட்கார்ந்த பந்தியில், ஒத்தார் எப்போதோ திறந்து பாதியில் விட்ட தாழியை மொண்டு ஊற்றிவிட்டார்கள். அத்தனையும் புளித்துக் காடியாகியிருந்தது. இன்றைக்கும் ஊரில் ஒத்தார் என்றால் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். சாவைவிட அந்தச் சுளிப்புக்குத்தான் ஜும்பெர் பயந்தார். முப்பது வருடமாக ஊர் விருந்துகள் எல்லாவற்றிலும் கோப்பை உயர்த்திப் பேசுகிற தலைவர் அவர்.

"இந்த வீட்டுல நாக்கு இருக்கறவன் நான் ஒருத்தன்தான். மூணு தாழியையும் திற. ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய், அவ்வளவுதான். அதுவும் பந்திச் சோறோட. எதுக்கு எது சேரும்னு சொல்லிட்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்."

சியூரி அவரையே பார்த்தாள். திட்டவில்லை. அதற்கே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"மூணையுமா?"

"மூணையும்தான்."

"சரி. செய்யறதை முறையா செஞ்சிடுவோம்."

சாயங்காலம் முற்றத்தில் மேசை போட்டாள். வேகவைத்த மீன், பீன்ஸ், பாலாடைக்கட்டி, ஆட்டிறைச்சி போட்டுக் குழைத்த சோறு. துக்கப் பந்திக்கு என்னென்ன வைப்பார்களோ அதெல்லாம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கோச்சாவும் துவைத்த சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, இவருக்கு இங்கே என்ன வேலை?

"இவன் எதுக்குடி?"

"செத்தவர் தன் பந்தியில தானே பேசுவாரா? கோச்சாதான் தலைவர். நீ உட்காரு."

ஜும்பெரைத் தனி நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தட்டில் ஒரு துண்டு ரொட்டி வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். கோப்பை மட்டும் வைக்கவில்லை.

முதல் தாழியிலிருந்து மொண்ட ஒயின் வந்தது. தோலும் விதையுமாக ஆறு மாதம் ஊறிய வெள்ளைத் திராட்சை, பாலில்லாத தேநீர் நிறம். கோச்சா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"அண்ணி! காய்ஞ்ச ஆப்ரிகாட் வாசனை. கடைசியில அக்ரூட் தோல் துவர்ப்பு. மீனுக்குன்னே பொறந்தது."

"எனக்கு?" என்றார் ஜும்பெர்.

சியூரி ரொட்டியின்மேல் மூன்று சொட்டு விட்டாள். "செத்தவங்க பங்கை ரொட்டியிலதானே விடுவோம்?"

முப்பது வருடமாக "ரொட்டியில் விடுங்கள்" என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் ஜும்பெர்தான். கை மெல்ல ரொட்டிப் பக்கம் ஊர்ந்தது. சியூரி தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இது ஆத்மாவுக்கு. வயித்துக்கு இல்ல."

இரண்டாவது தாழியில் தேனும் பேரிக்காயும் மணத்தன. பீன்ஸோடு சண்டை, பாலாடைக்கட்டியோடு சமாதானம் என்று கோச்சா தீர்ப்புச் சொன்னார். பிறகு எழுந்து நின்றார். துக்கப் பந்தியில் கோப்பையை இடிக்கிற வழக்கமில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஜும்பெர் அண்ணன் தங்கமானவர். கொடி வெட்டற கத்தரியை இரவல் வாங்கிட்டுப் போய் எட்டு வருஷமா தரலைன்னாலும்..."

"டேய், அது துருப்பிடிச்ச..."

"செத்தவர் பேசக் கூடாது, அண்ணே."

மூன்றாவது தாழி கறுப்பு. கோச்சாவின் பல்லும் உதடும் மை பூசியதுபோல் ஆயின. நாவில் முசுக்கட்டைப் பழம், தொண்டையில் மிளகு, ஆட்டுச் சோற்றுக்கு அதைவிட்டால் வேறில்லை என்று புலம்பினார். ஜும்பெர் எச்சில் விழுங்கினார்.

இப்போது சியூரி எழுந்தாள். கறுப்பு ஒயின் கோப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தாரைக் குளிப்பாட்டினது நான்தான். மெழுகு மாதிரி மஞ்சளா கிடந்தார். வயிறு வீங்கி, கோட்டு சேரல. பின்பக்கம் கிழிச்சுத்தான் போட்டுவிட்டேன். அதையே இந்த மனுஷனுக்கும் நான் செய்யணுமாம். அதுக்கு எந்த ஒயின் பொருத்தம்னு கேட்கறார். ஒயின் நல்லாத்தான் இருக்கு, கோச்சா. அதை எனக்கு மிதிச்சுக் குடுத்த ஆளைத்தான் நாளைக்குக் காண முடியாது."

ரொட்டியில் மூன்று சொட்டு விட்டாள். கோச்சா தலை குனிந்துகொண்டார். ஜும்பெருக்குக் கிலி பிடித்தது. செத்துப்போவது என்றால் தான் இல்லாத இந்த முற்றம்தான் என்று முதல்முறையாகப் புரிந்தது.

"போதும்டி!" மேசையில் ஓங்கி அடித்தார். "நான் இன்னும் சாகல! உசிரோட இருக்கேன்! இன்னும் இருபது வருஷம் இருப்பேன்!"

"குடிக்காமயா?"

"குடிக்காமத்தான்! சத்தியமா!"

"கோச்சா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன் அண்ணி."

சியூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"அப்ப இந்தப் பந்தி முடிஞ்சுது. ஆனா திறந்த தாழி தாங்காது, காடியாயிடும். கோச்சா, வண்டியைக் கொண்டா. மூணையும் உன் மக கல்யாணத்துக்கு மொண்டுட்டுப் போ."

"அடிப்பாவி! என் ஒயின்! ஒரு வருஷ உழைப்பு! இவனுக்கா?"

"மூணையும் திறக்கச் சொன்னது யாருய்யா?"

செத்தவராகவே இருந்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். உயிரோடு இருந்து தொலைத்ததால், "நான்தான்" என்று ஜும்பெரே சொல்ல வேண்டியதாயிற்று.